பதினோராவது பாட்டு

பிப்ரவரி 9, ஞாயிறு. ஹ்ரோத்னா

மருந்தியலில் மூன்று வாங்கியிருக்கிறேன். பத்துக்கு மூன்று. பெலாரஸில் நான்கு எடுத்தால்தான் தேர்ச்சி. பெரிய விஷயமில்லை, மார்ச் 28-ல் மறுதேர்வு இருக்கிறது. மருத்துவம் நாலாம் வருஷத்தில் பாதி வகுப்பு இந்தப் பாடத்தில் விழுந்து எழுந்துதான் போகிறது. (பாதி இல்லை. ஆறு பேர்.)

அப்பா போன் செய்தபோது, பனி அதிகம் என்று பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றேன். "அப்படியா பிள்ள, ஸ்வெட்டரப் போட்டுக்க" என்றார். அம்மாவுக்கு வேலை இருந்ததாம், பேசவில்லை. எனக்கும் வேலை இருந்தது.

உருளைக்கிழங்கு, வெங்காயம், எண்ணெய் வாங்கினேன். கடுகு தீர்ந்துவிட்டது.

மாலை நாலு மணிக்கு நான் தங்கியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் மறுபடியும் அந்தச் சத்தம். ஒரு எருமையை யாரோ உள்ளே பூட்டி வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றும் எருமை.

பிப்ரவரி 13, வியாழன்

பொறுக்க முடியாமல் கீழே போனேன். படிக்க விடமாட்டேன் என்கிறீர்களே என்று கேட்க ரஷ்ய மொழியில் நான்கு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினேன்.

வெந்நீர்க் குழாய்களுக்கும் துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் நடுவே ஐந்து பேர். மீசைக்காரர் ஒருவர் அக்குளில் ஆட்டுத்தோல் பையை இடுக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். எருமை அதுதான். பெயர் துடா. ஒரு குழலில் பாட்டு வருகிறது. தோளில் சாய்ந்திருக்கும் நீளக் குழல் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்களே அப்படி. எதிரே ஐம்பது வயதிருக்கும் பெண்மணி மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சக்கரம் சுழன்று தந்திகளை உரசுகிறது. பார்க்க மாவாட்டுகிற மாதிரி இருக்கிறது. கேட்டால் நகர மனம் வராது. அதற்கு லிரா என்று பெயர்.

என் நான்கு வாக்கியங்களும் மறந்துபோயின. காரணம் பாட்டு இல்லை. ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்த இரைச்சல். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியாது. அப்பா சங்கரன்கோவிலில் மைக்செட் வைத்திருக்கிறார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பத்து வயதிலிருந்து கூடப் போய் ஒயர் சுற்றியவள் நான்.

"எர்த்து சரியில்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

லேப்டாப் ஒரு சுவர்ப் பிளக்கில், மிக்சர் எதிர்ச் சுவரில். இரண்டையும் பிடுங்கி ஒரே பலகையில் செருகினேன். இரைச்சல் நின்றது. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் அலேஸ் என்பவன் எழுந்தே நின்றுவிட்டான். "மூணு வாரமா இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றான்.

(இவர்கள் பேசுவதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன். அச்சுத் தமிழில் எழுதினால் டப்பிங் படம் மாதிரி இருக்கிறது.)

பெயர் கேட்டார்கள். இந்த நாட்டில் என் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. அவர்கள் மொழியில் பேச்சி என்றால் அடுப்புகள். அதனால் கல்லூரியில் ‘அம்மாள்’ என்ற பாதியை மட்டும்தான் சொல்வேன். இன்று வாயில் ‘பேச்சியம்மாள்’ என்று முழுசாக வந்துவிட்டது. லிராக்கார அம்மா சிரிக்கவில்லை. "பிப்ரவரி மாசத்துக்கு நல்ல பேரு. உக்காரு" என்றார்.

படிக்கவில்லை. ஆறரை வரை அங்கேயே இருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர்கள் யார் என்று குறித்துவைக்கிறேன். குழுவின் பெயருக்கு நாரை என்று அர்த்தம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்டப் பாட்டுகளைப் பழைய கையெழுத்துப் படிகளிலிருந்தும், சடங்குப் பாட்டுகளைக் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டும் சேர்த்து வாசிக்கிறார்கள். தலைவி லிராக்கார அம்மாதான்: யாத்விகா கஸிமீரவ்னா. பெரியவர்களை இங்கே அப்பா பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். துடா ஊதும் மீசைக்காரர் கஸ்துஸ், டிராலிபஸ் (தலைக்கு மேல் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ்) ஓட்டுநர். பாடுகிறவள் ஹன்னா, என்னைவிட ஒரு வயது பெரியவள். மேளம் அடிக்கிறவர் பேசவே மாட்டார்.

பதினொரு வருஷமாக இவர்களிடம் ஒரு ஆல்பம் கிடையாது. ஸ்டுடியோவில் யாத்விகாவுக்கு நம்பிக்கையில்லை. "ஆள் இல்லாத இடத்துல ஆட்டப் பாட்டு எதுக்கு? யார் ஆடுவா?" என்கிறார். அதனால் மார்ச் 22-ம் தேதி, இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கோட்டையின் கல் மண்டபத்தில், ஜனங்களை வைத்துக்கொண்டு நேரடிப் பதிவு. ஒரே ஒரு தடவை. 24-ம் தேதி மண்டபத்தைப் பழுதுபார்க்க மூடுகிறார்கள். திறக்க இரண்டு வருஷம் ஆகுமாம்.

அலேசுக்கு ஒரு உதவியாள் வேண்டும். நான் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. சனி ஞாயிறு மட்டும் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

ஒத்திகை. (புதன்தான்.)

பிப்ரவரி 27, வியாழன்

பீட்டா தடுப்பு மருந்துகளை மனப்பாடம் செய்தேன். கீழே துடா வாசிக்கும்போது படித்தால் மனதில் நிற்கிறது. மேலே தனியாக உட்கார்ந்து படித்தால் நிற்பதில்லை. இதற்கு விஞ்ஞானக் காரணம் இருக்கும்.

யாத்விகாவின் சட்டங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இல்லாத வாத்தியம் கூடாது. இல்லாத சுரம் கூடாது. கஸ்துஸ் நேற்று ஒரு இடத்தில் ஆசையாக ஒரு சங்கதி போட்டார். யாத்விகா சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அது எங்கேருந்து வந்தது?"

"மனசுலேருந்து."

"எந்த நூற்றாண்டு மனசு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பிறகு தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: "நூறு வருஷம் கழிச்சு யாராவது இதக் கேட்டா, இதுதான் இவங்களோடதுன்னு நம்பிக் கேக்கணும், பேச்சி. நம்பிக்கைய வச்சு வெளையாடக் கூடாது."

மார்ச் 2, ஞாயிறு

அப்பா போன். பரீட்சை எப்போது என்றார். இன்னும் தேதி வரவில்லை என்றேன். அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதாம். பின்னால் அம்மா குரல் கேட்டது: "அவ குரலே சரியில்லயே." சளி என்றேன்.

அலேஸ் எனக்குக் கையுறை கொண்டுவந்து கொடுத்தான். அவனிடம் இரண்டு ஜோடி இருந்ததாம். உள்ளே கடைச் சீட்டு அப்படியே இருந்தது. என் அளவு. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

கடைசிப் பாட்டை இன்றுதான் முழுசாகக் கேட்டேன். ஆல்பத்தில் பதினோராவது. வசந்தத்தைக் கூப்பிடும் பாட்டு. இங்கே குளிர் முடிகிற சமயத்தில் பெண்கள் மேட்டில் ஏறி நின்று, ‘வா, வந்து சேர்’ என்று வசந்த காலத்தைப் பாடிக் கூப்பிடுவார்களாம். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘ஹூ—’ என்று உச்சத்தில் ஒரு கூவல். ஹன்னா கூவும்போது குழாய்களே அதிர்ந்தன. அந்தக் கூவலுக்குத் தூரத்து மேட்டிலிருந்து பதில் கூவல் வர வேண்டும். அது வந்தால்தான் பாட்டு மேலே நகரும். எங்களுக்கு மேளக்காரர் பதில் கூவினார். அவர் குரலை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ஹன்னாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், நன்றாகச் சிவந்திருக்கிறது. நாலு நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுத்துப் பேசுவது இன்னும் கெடுதல் என்று சொன்னேன். ஹன்னா அழுதாள், சத்தமில்லாமல். யாத்விகா என்னைப் பார்த்து, "டாக்டர் சொன்னா சொன்னதுதான்" என்றார். என்னை ஒருவர் டாக்டர் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மருந்தியலில் மூன்று வாங்கியதை அவரிடம் சொல்லவில்லை.

பத்துப் பாட்டில் ஹன்னா வரும் இடங்களை லிராவும் துடாவும் ஏற்றுக்கொள்ளும். பதினோராவதை யாத்விகா தானே பாடுவார். பதில் கூவல் ஜனங்களிடமிருந்துதான் வர வேண்டும், மேளக்காரர் கூவக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 22, சனி

முழுசாக எழுதியே ஆக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு வேன். கஸ்துஸ்தான் ஓட்டினார். தலைக்கு மேல் மின்கம்பி இல்லாமல் ஓட்டுவது பயமாக இருக்கிறதாம். மண்டபத்தில் நாலு டிகிரி. கல் சுவர், கல் தரை. கையைத் தட்டினால் சத்தம் அடங்க இரண்டு விநாடி ஆகிறது. நானும் அலேசும் மூன்று மணி நேரம் மைக்கை நகர்த்தி நகர்த்தி வைத்தோம். துடாவின் தோல் குளிரில் விறைத்துக்கொண்டது; கஸ்துஸ் அதைக் கோட்டுக்குள் விட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஜனங்கள் வந்தார்கள். நூற்று இருபது பேர் இருக்கும். யாத்விகா மேடையேறி, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார். போனை அணைக்க வேண்டும். இருமல் வந்தால் இப்போதே வெளியே போய்விட வேண்டும். கடைசிச் சுரம் முழுசாக அடங்கும்வரை யாரும் கை தட்டக் கூடாது. முன்வரிசையில் ஒருவர் வாயில் போட்ட மிட்டாயைக் கடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார்.

பத்துப் பாட்டும் அழகாகப் போயின. என்ன, ஆட்டப் பாட்டுக்குக்கூட ஒரு கால் அசையவில்லை. எல்லாரும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்போனில் அந்த அமைதி எனக்குக் கேட்டது. அலேஸ் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: ‘உயிரோடு இருக்கிறார்களா?’

பதினோராவது. யாத்விகா லிராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பாடினார். ஜனங்கள் பதில் கூவ வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னார்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடக்கூடப் பயந்தவர்கள் அவர்கள். முதல் அடி முடிந்து ‘ஹூ—’ என்றார். பதில் இல்லை. கல் சுவர்தான் திருப்பிச் சொன்னது. இரண்டாவது அடி. ‘ஹூ—’ குரல் நடுவில் உடைந்தது. பதில் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருஷம் காத்திருந்தவர், கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல் நிற்கிறார்.

மூன்றாவது ‘ஹூ’வுக்கு நான் குலவை போட்டுவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. ஹெட்போனைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது. பிறகு நாக்கு தானாக ஆட ஆரம்பித்தது. அம்மன் தேர் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது எப்படிப் போடுவோமோ அப்படி, ஒரு மூச்சு முழுக்க. அந்த மண்டபம் அதை வாங்கிச் சுழற்றி, உத்தரம்வரை கொண்டுபோய், பத்துப் பேர் போட்ட குலவையாகத் திருப்பிக் கொடுத்தது.

நூற்று இருபது தலைகளும் திரும்பின. அப்புறம் பின்வரிசையில் ஒரு பெண் ‘ஹூ—’ என்றாள். அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் மொத்த மண்டபமும். கஸ்துஸ் இதுதான் தமக்குக் குறிப்பு என்று நினைத்து, அந்தப் பாட்டில் இல்லவே இல்லாத துடாவை ஊத ஆரம்பித்தார். ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. மிட்டாய்க்காரர் ஆடினார். பாட்டை ஐந்து தடவை சுற்றிச் சுற்றிப் பாடி முடித்தார்கள்.

திரும்பும்போது வேனில் யாத்விகா எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

நாள் முழுக்கப் படித்தேன். கீழே சத்தமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

யாத்விகா மேலே என் அறைக்கே வந்தார். என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன்.

"கோவம் இல்ல" என்றார். "ஆனா அது எங்களோடது இல்ல, பேச்சி. என் சட்டம் எனக்கும்தான். அத எடுத்துரணும்."

"நீங்க சொல்லுதது சரிதான். நானே வெட்டிக் கொடுக்கேன்" என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். அவர் பாவம், நான் செய்தது தப்புத்தான். எங்கள் கோயில் கொடையில் ஒருவர் நடுவில் துடா ஊதினால் அப்பா விட்டுவிடுவாரா?

அவர் போன பிறகு அரை மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி உருகிச் சகதியாக இருக்கிறது. வசந்தம் என்கிறார்கள் இதை.

மார்ச் 28, வெள்ளி

ஆறு! பத்துக்கு ஆறு. பீட்டா தடுப்பு மருந்துகளைத்தான் கேட்டார்கள். எனக்குள் துடா ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சுவிடாமல் சொன்னேன். "போதும் போதும்" என்று பேராசிரியர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

கடுகு இல்லாமலே உருளைக்கிழங்குப் பொரியல் செய்தேன். ஹன்னாவும் அலேசும் வந்து சாப்பிட்டார்கள். ஹன்னாவுக்குக் குரல் வந்துவிட்டது. அலேஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் காரமே இல்லை என்றான், கண்ணில் தண்ணீரோடு.

ஏப்ரல் 5, சனி

நானும் அலேசும் உட்கார்ந்து குலவையை வெட்டினோம். எட்டு விநாடி. சுத்தமாக எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டினேன். ஒட்டுப் போட்டதே தெரியவில்லை; இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மாலையில் எல்லாரும் நிலவறையில் கூடிக் கேட்டோம். யாத்விகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு போகிறது, அவர் ‘ஹூ’ என்கிறார், பதில் இல்லை. மறுபடி ‘ஹூ’, பதில் இல்லை. மூன்றாவது ‘ஹூ’, உடனே நூற்று இருபது பேர் கத்துகிறார்கள்.

"நிறுத்து" என்றார். "இவங்க எதுக்குத் திடீர்னு கத்துதாங்க?"

அவரே தொடர்ந்தார்:

"கேக்குதவங்களுக்கு என்ன தோணும்? நான் மூணு தடவ கூப்பிட்டேன், மூணாவது தடவ மனசு எரங்கி எந்திரிச்சாங்கன்னு தோணும். அப்படியா நடந்துச்சு?"

"இல்ல" என்றார் கஸ்துஸ். "அடுப்பு பத்திக்கிச்சு."

"வெட்டாதத ஒரு தடவ போடு."

போட்டேன். கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் லிராவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த சட்டத் தாளைப் பார்த்து, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "நடந்தத நடக்கலன்னு சொல்லுததுக்குப் பேரு சரித்திரம் இல்ல. அன்னைக்கு அந்த மண்டபத்துல அந்தச் சத்தம் இருந்துச்சு. இருக்கட்டும்."

"அப்போ என் துடா?" என்றார் கஸ்துஸ்.

"அதுவும் இருக்கட்டும். என்ன பண்ண."

மேளக்காரர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதற்கும் நேற்று நடந்ததற்கும் சம்பந்தமில்லை. எப்படியும் சொல்ல வேண்டியதுதானே.

முதலில் மூன்று வாங்கியது, பனி என்று பொய் சொன்னது, இப்போது ஆறு வாங்கியது. வரிசையாகச் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பனிக்குப் பரீட்சைய நிறுத்துனா அந்த ஊர்ல வருசத்துல ஆறு மாசம் காலேஜே நடக்காதே பிள்ள. அன்னைக்கே உங்கம்மா சொன்னா."

"பெறகு ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தோம்" என்றார் அப்பா. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ரெண்டு மாசமா ராத்திரி தூக்கமில்ல எனக்கு, கழுத. பெயிலானா ஆகிட்டுப் போகுது. ஒழுங்கா பேசுனா போதாதா?"

அம்மா அழுதார். நானும் கொஞ்சம். அப்புறம் பதினோராவது பாட்டை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அம்மா திரும்பக் கூப்பிட்டார்.

"ஏட்டி, கடைசில மூச்சு பிடிக்கலயே நீ. கேக்குதவங்க என்ன நெனப்பாங்க? சாப்டுதியா இல்லயா?"

பின்னால் அப்பா: "ரெக்கார்டிங் யாரு? மைக் நல்ல எடத்துல வச்சிருக்கான்." அலேஸ் என்று சொன்னேன். "யாரு அலேஸ்?" என்றார். சிக்னல் சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆல்பத்தின் உறை வந்தது. பின்பக்கத்தில் பெயர்கள். யாத்விகா, லிரா. கஸ்துஸ், துடா. ஹன்னா, குரல் (‘மருத்துவர் ஆணைப்படி மௌனம்’). கடைசியில்: பேச்சியம்மாள், நாக்கு.

முழுப் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல்.

மே 17, சனி

இன்று நகரச் சதுக்கத்தில் ஆல்பம் வெளியீடு. வெயில் என்றால் வெயில், எங்கள் ஊர் மார்கழி அளவுக்கு. குழந்தைகள் புறா விரட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நானும் அலேசும் ஒயர் இழுத்தோம். அவன் தமிழில் ‘எர்த்து சரியில்ல’ என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறான். எல்லாம் சரியாக இருக்கும்போதும் சொல்கிறான்.

ஹன்னா என்னை மேடைக்கு வரச் சொன்னாள். முடியாது என்றேன். நூற்று இருபது பேரின் முதுகுக்குப் பின்னாலிருந்து செய்தது வேறு, ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று செய்வது வேறு. மிக்சரை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு நடுவில் கஸ்துஸ் வந்து தாழ்ந்த குரலில், "யாத்விகா வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்க என்கிட்ட விசாரிச்சாங்க, பேச்சி. குளியலறைல தெனமும் என்னமோ சத்தம் வருதாம். வலிப்பு கிலிப்பு வந்துருக்கான்னு பயந்துட்டாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னேன்.

பதினோராவது பாட்டு. ஹன்னா முதல் அடியைப் பாடி ‘ஹூ—’ என்றாள். சதுக்கம் முழுக்கப் பதில் கூவியது. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது அடி, மறுபடியும். மூன்றாவது அடி முடிந்ததும் எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஆல்பத்தில் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பலர் என் பக்கம் திரும்பினார்கள். நான் மிக்சரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையிலிருந்து வந்தது. முதலில் கொஞ்சம் தடுமாறி, மோட்டார் கிளம்பாமல் இழுப்பது மாதிரி. பிறகு பிடித்துக்கொண்டு, ஏறி, நின்று, விடாமல். நிமிர்ந்து பார்த்தேன். யாத்விகா கஸிமீரவ்னா லிராவை மடியில் அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைக் கையால் பாதி மறைத்து, முகமெல்லாம் சிவக்கக் குலவை போட்டுக்கொண்டிருந்தார்.

சுருதி சரியில்லை. நாக்கு பக்கவாட்டில் ஆட வேண்டும், அவருக்கு மேலும் கீழும் ஆடுகிறது. சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

மிக்சரில் சிவப்பு விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது. அலேஸ் ஒலியைக் குறைக்கக் கை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடியும்வரை விடவில்லை.